படலையில் வைத்த செவி

கொடிகாமச் சந்தியில் பாதைகள் நான்கு திசைக்கும் பிரிகின்றன. மேற்கே சாவகச்சேரியூடாக யாழ்ப்பாணத்துக்கும், கிழக்கே மிருசுவில், பளை தாண்டி வன்னிப் பெருநிலத்துக்கும் செல்வது கண்டி வீதி; வடக்கே வரணியூடாகப் பருத்தித்துறைக்குப் போவது ஒன்று; தெற்கே கச்சாய்க் கடலேரிக் கரையைச் சென்று சேர்வது மற்றொன்று. இவ்வழிகளாலெல்லாம் சனம் வந்து கூடுவதனாலேயே இங்குள்ள சந்தை, தென்மராட்சியின் தேங்காய்க்கும் மாங்காய்க்கும் பலாப்பழத்துக்கும் பேர்போன ஸ்தலமாக விளங்குகிறது. அச்சந்தையில் நெடுங்காலம் தேங்காய் வியாபாரம் செய்துவரும் என் நண்பர் ஒருவர், தம் முன்னே வந்து நிற்பவர் எந்த வழியால் வந்தார் என்பதை அவர் வாய் திறக்குமுன்னரே சொல்லிவிடுவார். பெரிய கடகத்தோடு வருபவர் பருத்தித்துறைப் பக்கமிருந்து தட்டிவானில் வந்திறங்கியவர். பயணப்பையைத் தோளிலே தொங்கவிட்டுக்கொண்டு விலை கேட்பவர் புகையிரதத்துக்கு நேரம் மீதியிருக்கச் சந்தையை எட்டிப் பார்க்க வந்தவர். கண் முன்னே நடப்பதைக் காண்பதற்குப் பெரிய சாஸ்திரம் எதுவும் வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு என் தங்கை மகன் அந்த நண்பருக்கு ஓர் இணையப் பக்கம் அமைத்துக் கொடுத்தான். பக்கத்தின் உச்சியிலே தேங்காய்க் குவியலின் படம். நடுவிலே, ஒரு பந்தியின் இடையில், ‘விலை அறிய’ என்னும் சொற்கள். அடியிலே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். மூன்றில் எதைத் தொட்டாலும் தேங்காய் வேண்டுவோர் தம் தேவையை எழுதி அனுப்பும் ஒரே படிவத்துக்குத்தான் போய்ச் சேரலாம். சில வாரங்கள் கழித்துப் பையன் வந்து, மூன்றில் எந்த வழியால் ஆட்கள் கூடுதலாக உள்ளே வருகிறார்கள் என்பது தனக்குத் தெரியும் என்று சொன்னபோது, நண்பர் வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, உன்ர பக்கம் இருக்கிறது எங்கயோ வெளிநாட்டில ஒரு பெட்டிக்குள்ள எண்டு நீதானே சொன்னனி? வவுனியாவில இருக்கிறவன் தன்ர போனில படத்தைத் தொட்டவனோ பொத்தானைத் தொட்டவனோ எண்டு உனக்கு ஆர் வந்து சொன்னது?”

இதைவிடக் கூர்மையாக அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. பையன் சிரித்துவிட்டு, “அது ஜாவாஸ்கிரிப்ட், மாமா” என்றான். ஒரு பொருளுக்குப் பெயர் சொல்வது அதனை விளக்கிவிட்டதாகாது. ஆதலால் அந்த விளக்கத்தை நானே தேடிப் போகவேண்டியதாயிற்று.

முதலில் ‘இணைப்பு’ என்பது யாது? ஒரு பிரதியின் நடுவிலிருந்து மற்றொரு பிரதிக்குத் தாவிச் செல்ல வகைசெய்யும் எழுத்துமுறைக்கு 1965ஆம் ஆண்டில் அமெரிக்கரான தியோடர் நெல்சன் ஒரு பெயரிட்டார். அதனை நாம் மீயுரை என்கிறோம். சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரருகே அணுத்துகள் ஆராய்ச்சி நடத்தும் சேர்ன் நிறுவனத்தில் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ்-லீ, 1989இல் ஒரு திட்டத்தை எழுதி, அடுத்த ஆண்டின் முடிவுக்குள் அதனைக் கணினியிலே நடத்தியும் காட்டியபோது, அந்த மீயுரை உலகளாவிய வலையாக உருவெடுத்தது. இணைப்பு என்பது உண்மையில் ஒரு விலாசம் மாத்திரமே. நீங்கள் அதைத் தொட்டவுடன், உங்கள் கையிலுள்ள உலாவி அந்த விலாசத்துக்குரிய வழங்கியிடம், அதாவது பக்கங்களைச் சேமித்து வைத்து வேண்டுவோர்க்கு அனுப்பும் தூரத்துக் கணினியிடம், ‘இந்தப் பக்கம் வேண்டும்’ என்று கேட்கிறது. வழங்கி பக்கத்தை அனுப்பிவைத்து, தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: இன்ன நேரத்தில், இன்ன விலாசத்திலிருந்து, இன்ன பக்கம் கேட்கப்பட்டது.

அந்த வரியில் இன்னொரு செய்தியும் இருப்பதுண்டு. ‘எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்’ என்பதை உலாவி தானாகவே சேர்த்துச் சொல்லும் வழக்கம் வலையின் ஆரம்பகாலந்தொட்டு இருந்து வருகிறது. அதற்கிட்ட ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்துபோயிற்று. அப்பிழை 1996இல் வெளியான விதிநூலிலும் அப்படியே அச்சாகி, இன்றுவரை உலகத்துக் கணினிகளெல்லாம் அந்தப் பிழையையே ஒருவருக்கொருவர் பயபக்தியோடு சொல்லிக்கொண்டிருக்கின்றன. எழுத்துப்பிழைக்காக மாணவரின் கையிலே அடித்த என் போன்ற பழைய வாத்தியார்மார் இதனை அறிந்தால் மனம் நோவர்.

இக்கணக்குப் புத்தகத்தைக் கொண்டே எவ்வளவோ அறியலாம். தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். 2003இல் அது முளைவிட்டபோது அதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமையுண்டு. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம், ஆங்கிலம் முதலான சில மொழிகளுக்கு, வாசகர் எந்தக் கட்டுரையிலிருந்து எந்தக் கட்டுரைக்குச் சென்றனர் என்னும் தொகைகளை 2015 முதலாக வெளியிட்டு வருகிறது. அத்தொகைகளுக்கு ஆதாரம் மேற்சொன்ன கணக்கு வரிகளே. அதில் ஒரு நாகரிகமும் உண்டு: 10 அல்லது அதற்குக் குறைந்த தடவையே நடந்த பிரயாணங்களை அவர்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகின்றனர், தனியொருவர் நடந்த தடம் வெளிச்சத்துக்கு வந்துவிடலாகாது என்பது அதன் கருத்து.

ஆயினும் இப்புத்தகத்துக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. யாழ்ப்பாணக் கட்டுரை ஒன்றிலே ‘பருத்தித்துறை’ என்னும் இணைப்பு முதற் பந்தியிலும் கடைசிப் பந்தியிலும் இருக்குமானால், வாசகர் தொட்டது முதலாவதையா கடைசியையா என்பது அதில் ஏறாது. இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து புறப்பட்டு ஒரே பக்கத்தைச் சேர்வன. கொடிகாமம் புகையிரத நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவரை நினைத்துப் பாருங்கள். 1990இல் நின்றுபோன வண்டி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை மீண்டும் ஓடத் தொடங்கியபின், இங்கிருந்து எத்தனைபேர் யாழ்ப்பாணம் போனார்கள், எத்தனைபேர் கொழும்பு போனார்கள் என்பதற்கு அவரிடம் கணக்கு உண்டு. அவர்கள் நிலையத்துக்குச் சந்தைப் பக்கத்தால் வந்தார்களா ஒழுங்கையால் வந்தார்களா என்பதற்கு இல்லை. சீட்டிலே எழுதப்படுவது சேரும் இடமேயன்றி வந்த வழியன்று.

சேருமிடங்கள் வேறாயின் இந்தக் குறை தோன்றுவதில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில், ஈழத்துத் தமிழ் நூல் ஒன்றின் பக்கத்தைத் திறந்தால், வருடிய பிரதியைத் தரவிறக்க ஓர் இணைப்பும், பல நூல்களுக்கு எழுத்துணரியாக்கப் பிரதியைப் படிக்க வேறோர் இணைப்பும் இருக்கக் காணலாம். இரண்டும் வெவ்வேறு பொருளைத் தருவனவாதலால், எதனை வாசகர் கூடுதலாக விரும்புகின்றனர் என்று அறிய விரும்பினால் வழங்கியின் புத்தகத்தைப் புரட்டினாலே போதும். என் நண்பரின் மூன்று வாயில்களோ ஒரே முற்றத்தில் திறப்பவை. வேறொருவர் தளத்துக்குச் செல்லும் இணைப்பாயின் நிலைமை இன்னும் மோசம்: அங்கே பக்கம் கேட்கப்படுவது அடுத்த வீட்டு வழங்கியிடம், நம் புத்தகத்தில் ஒரு வரிகூட விழாது.

ஆகவே, தொட்ட இடத்திலேயே ஒரு செவி வேண்டும். அந்தச் செவி எங்கே இருக்கிறது என்பதுதான் என் நண்பர் கேட்ட கேள்வியின் உயிர்.

1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர், ஒரு புதிய கணினிமொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் செய்து முடித்தார். ஆண்டு முடிவதற்குள் இரண்டு பெயர் மாறி அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயர் நிலைத்தது. அதற்கு முன்னர் இணையப் பக்கம் என்பது அச்சடித்த துண்டுப்பிரசுரம் போன்றது. வந்தால் வந்தபடி கிடக்கும். இம்மொழி வந்தபின், பக்கத்தோடு சில கட்டளைகளும் சேர்ந்து பிரயாணஞ்செய்து, வாசகரின் கருவியிலேயே இயங்கத் தொடங்கின. இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: கட்டளைகள் இயங்குமிடம் வெளிநாட்டுப் பெட்டியன்று, வவுனியாவில் இருப்பவரின் கைத்தொலைபேசி. தேங்காய் மூட்டையை அனுப்பும் வியாபாரி, மூட்டையோடு ஒரு சின்னப் பெடியனையும் சேர்த்து அனுப்பி, ‘வாங்கிறவை வீட்டு முற்றத்தில போயிரு, என்ன செய்யினம் எண்டு பார்த்து எனக்குச் சொல்லியனுப்பு’ என்று பணித்தால் எப்படியோ அப்படி. உளவு வெளியிலிருந்து நடைபெறவில்லை. நாம் வரவேற்று உள்ளே இருத்திய விருந்தாளியின் காதே கேட்கிறது.

அந்தப் பெடியனை எங்கே உட்கார வைப்பது? இதிலே கணினி அறிஞர் கண்ட உபாயம் நம்மூர் வீட்டமைப்பைக் கொண்டு விளங்கத் தக்கது.

பழைய யாழ்ப்பாணத்து வீடொன்றை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். ஒழுங்கையிலிருந்து நுழையப் படலை, அதற்குள் வளவு, வளவுக்குள் முற்றம், முற்றத்தையடுத்து விறாந்தை, விறாந்தைக்குள் அறை. ஒன்றினுள் ஒன்றாக அடைபட்ட அமைப்பு. இணையப் பக்கமும் இப்படித்தான். வெளியே ஆவணம், அதற்குள் உடல், உடலுக்குள் பகுதி, பகுதிக்குள் இணைப்பு, இணைப்புக்குள் தேங்காய்ப் படம். ஒவ்வோர் அடைப்பையும் இலங்கைப் பாடநூல் வழக்கில் மூலகம் என்கிறோம். உலாவியே இப்பக்கத்தைத் திரையில் வரைந்தது என்பதால், எந்த மூலகம் எந்த இடத்தில் எவ்வளவு நீள அகலத்தில் கிடக்கிறது என்னும் நில அளவைப்படம் அதனிடம் இருக்கிறது. விரல் பட்டவுடன் கிடைப்பது ஒரு புள்ளிதான்: மேலிருந்து இவ்வளவு, இடமிருந்து இவ்வளவு. அளவைப்படத்தைப் பார்த்து, அப்புள்ளியின்கீழ் மிக உள்ளே கிடக்கும் மூலகம் எது என்று உலாவி தீர்மானிக்கிறது. அதற்கு இலக்கு என்று பெயர். ‘இன்னதன்மேல் ஒரு சொடுக்கு’ என்னும் செய்திக்கு நிகழ்வு என்று பெயர்.

நிகழ்வு இலக்கை மாத்திரம் போய்த் தட்டிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை என்பதுதான் இங்கே ரசமான பகுதி. அறைக்குள் படுத்திருக்கும் ஆச்சியைப் பார்க்க வந்த உறவினர் படலையைத் திறந்து, வளவு கடந்து, முற்றத்தில் கால் கழுவி, விறாந்தையேறி அறைக்குள் போகிறார். பார்த்து முடிந்ததும் வந்த வழியே விறாந்தை, முற்றம், வளவு, படலை என்று திரும்புகிறார். படலையடியில் பாய்விரித்து உட்கார்ந்திருப்பவர் அவரை இரண்டுமுறை காண்பார்: போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. நிகழ்வின் பிரயாணமும் அச்சொட்டாக இதுவே. உள்நோக்கிச் செல்வதைப் பிடிப்புநிலை எனவும், இலக்கிலிருந்து வெளிநோக்கி வருவதைக் குமிழெழுநிலை எனவும் சொல்லலாம்; குளத்தின் அடியிலிருந்து குமிழி மேலெழுவது போன்றது என்பதால் இரண்டாவது பெயர்.

ஏன் இரண்டு பயணம்? இங்கே சாஸ்திரத்தைவிடச் சண்டைதான் காரணம். 1997இல் நெற்ஸ்கேப் தன் நான்காம் பதிப்பு உலாவியில் நிகழ்வு வெளியிலிருந்து உள்ளே செல்லும் என்று வைத்தது. அதே ஆண்டில் மைக்ரோசொப்ட் தன் உலாவியில் உள்ளிருந்து வெளியே வரும் என்று வைத்தது. பக்கம் எழுதுவோர் இரண்டு எசமான்களுக்கு இரண்டுவிதமாக எழுதி அல்லற்பட்டனர். உலகளாவிய வலைச் சங்கம் 2000 நவம்பரில் ஒரு விதியை வெளியிட்டு, முதலில் உள்ளே போகட்டும், பிறகு வெளியே வரட்டும் என்று இருவரையும் சமாதானப்படுத்தியது. நம் பஞ்சாயத்துகளிலும் இத்தகைய தீர்ப்புகளைக் கண்டிருக்கிறோம். ஆனால் இந்தத் தீர்ப்பு, எதிர்பாராதவிதமாக, மெய்யாகவே பயன்தருவதாயிற்று.

இதை நான் நூலில் படித்ததோடு நின்றுவிடவில்லை. பையனைக்கொண்டு ஒரு சோதனைப் பக்கம் எழுதுவித்து, ஆவணம், உடல், பகுதி, இணைப்பு, படம் ஆகிய ஐந்திலும் இரண்டிரண்டு செவிகளை வைத்தோம். ஒன்று போகும் நிகழ்வைக் கேட்பது, மற்றது வரும் நிகழ்வைக் கேட்பது. கேட்டவுடன் தன் பெயரைத் திரையில் எழுதவேண்டுமென்பதே செவிக்கிட்ட கட்டளை. படத்தை ஒரேயொரு முறை தொட்டேன். பத்து வரிகள் விழுந்தன: ஆவணம், உடல், பகுதி, இணைப்பு, படம், மறுபடி படம், இணைப்பு, பகுதி, உடல், ஆவணம். இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியம் நடப்பதை அண்மைக்காலத்தில் நான் கண்டதில்லை.

பையன் முதலில் மூன்று இணைப்புக்கும் மூன்று செவிகளைத் தனித்தனியே வைத்திருந்தான். ஐந்நூறு இணைப்புள்ள பக்கமாயின் ஐந்நூறு செவி வேண்டும். பக்கம் திறந்தபின் புதிதாக ஓர் இணைப்பு வந்து சேர்ந்தால், அதற்குச் செவியே இராது. கலியாண வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் ஒருவரைக் காவல் வைப்பதைவிடப் படலையில் விவரமான ஒருவரை இருத்தி, வெளியே வருவோரிடம் ‘ஆரைப் பார்க்கப் போனனீங்கள்?’ என்று கேட்கச் செய்வது மேல். எல்லா நிகழ்வும் படலையைக் கடந்தே தீரும். ஒவ்வொரு நிகழ்வும் தன் இலக்கின் பெயரைச் சுமந்துகொண்டே வரும். ஆகவே ஆவணத்தில் வைத்த ஒற்றைச் செவியே பக்கம் முழுவதற்கும் போதும். இதனைப் பொறுப்பளிப்பு முறை என்கின்றனர்.

இம்முறையில் புதியவர் இடறும் கல் ஒன்று உண்டு. எங்கள் பையனும் இடறினான். படலைச் செவி ‘நீ இணைப்பா?’ என்று இலக்கைக் கேட்டது. ‘இல்லை, நான் படம்’ என்று விடை வந்தது. செவி பேசாமல் இருந்துவிட்டது. உச்சியிலிருந்த படத்தை ஒருவருமே தொடவில்லை என்று இரண்டு நாள் கணக்குக் காட்டிற்று. விரல் பட்டது மிக உள்ளே இருக்கும் படத்தின்மேல் என்பதையும், இணைப்பு அதன் தகப்பன் ஸ்தானத்தில் இருப்பது என்பதையும் மறந்ததன் விளைவு அது. திருத்தம் எளிது: இலக்கிலிருந்து தொடங்கி, ‘நீ இணைப்பா, உன் தகப்பன் இணைப்பா, பேரன் இணைப்பா’ என்று மேல்நோக்கி விசாரித்து, முதலில் ‘ஆம்’ என்பவரின் பெயரைக் குறித்துக்கொள்வது. (நம்மூரில் பேரன் என்பது பாட்டனையும் குறிக்கும் என்பதை அக்கரைத் தமிழகத்து வாசகர் பொறுத்தருள்க.) ஒரே விலாசத்துக்குப் போகும் மூன்று இணைப்புகளையும் பிரித்தறிய, ஒவ்வொன்றுக்கும் ‘மேல்’, ‘நடு’, ‘கீழ்’ என்று ஓர் அடையாளச் சொல்லையும் எழுதிவிட்டால் கதை முடிந்தது.

மேலே சொன்ன சமாதானத் தீர்ப்பின் பயன் இங்கேதான் தெரிகிறது. பக்கத்தின் வேறொரு கட்டளை, தன் சொந்தக் காரியத்துக்காக, நிகழ்வை உள்ளேயே மறித்து ‘இனி வெளியே போகாதே’ என்று சொல்லிவிட முடியும். அவ்வாறு மறிக்கப்பட்ட நிகழ்வு படலைக்குத் திரும்பி வராது. திரும்புவதை மட்டும் எதிர்பார்த்திருந்த செவி ஏமாந்துபோம். உள்ளே போகும்போதே பிடித்துக்கொள்ளும் செவிக்கோ அந்தக் கவலையில்லை. வந்தவர் வெளியேறினாலென்ன, அங்கேயே சாப்பிட்டுப் படுத்தாலென்ன, படலையில் இருந்தவர் முகத்தைப் பார்த்தாயிற்று.

இனி, கேட்டதை வியாபாரிக்குச் சொல்லியனுப்பவேண்டும். இது இலேசான காரியமென்று நினைத்தேன், அப்படியன்று. இணைப்பைத் தொட்ட கணமே உலாவி புதிய பக்கத்தைக் கொண்டுவர ஆரம்பித்து, பழைய பக்கத்தைக் கலைத்துவிடுகிறது. பக்கத்தோடு வந்த பெடியனும் அப்பக்கத்தோடேயே மறைகிறான். செய்தி புறப்படுமுன் தூதன் இல்லாமற் போவது! முற்காலத்தில், செய்தி போய்ச்சேரும்வரை வாசகரின் பயணத்தைத் தடுத்து நிறுத்திவைத்துப் பிறகு விடுவித்தனர். நமது வலை மெதுவாக ஓடும் மாரிகால இரவில், தொட்ட இணைப்பு திறக்காமல் நிற்பதன் எரிச்சலை அனுபவித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது தெரியும். தன் கணக்கு எழுதுவதற்காக வாடிக்கையாளரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கடைக்காரனை யார் பொறுப்பார்?

பின்னர் உலாவி செய்தோரே ஒரு வழி கண்டனர். புகையிரதம் புறப்படும் தறுவாயில், வீட்டுக்குச் செய்தி சொல்லவேண்டிய பிரயாணி என்ன செய்வான்? ஒரு தபாலட்டையை எழுதி நிலையத்துத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு ஏறிவிடுவான். வண்டி போனாலும் தபாற்கந்தோர் போகாது. அட்டை சேரவேண்டிய இடத்தைச் சேரும். அவ்வாறே, பெடியன் ஒரு சிறு செய்தியை உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு மறைகிறான். பக்கம் கலைந்தபின்னும் உலாவி இருக்கிறது. அது தன் வசதிப்படி செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அட்டை 64 கிலோபைட்டுக்கு மேற்படலாகாது. பதிலை எதிர்பார்க்கவும் கூடாது. பதில் வேண்டாத ஒருவழிச் செய்தி என்பதனாலேயே ஆங்கிலத்தில் இதற்குக் கலங்கரை ஒளியின் பெயரை இட்டனர். பருத்தித்துறை வெளிச்சவீடு எந்தக் கப்பலிடமும் மறுமொழி கேட்டதில்லை.

இவ்வளவு செய்தும் கணக்குப் பூரணமாகாது. விசைப்பலகையில் ‘என்டர்’ விசையை அழுத்தி இணைப்பைத் திறந்தாலும் உலாவி அதனைச் சொடுக்காகவே அறிவிக்கும், அது சரி. சுட்டியின் நடுப்பொத்தானால் புதிய தாவலில் திறந்தால், இன்றைய உலாவிகள் அதனை வேறொரு நிகழ்வாக அறிவிக்கும். அதற்குத் தனியே செவி வைக்கவேண்டும். வலப்பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் ‘புதிய தாவலில் திற’ என்பதைத் தேர்ந்தால், பட்டியல் விரிந்தது மட்டும் பக்கத்துக்குத் தெரியும். அதில் என்ன தேர்ந்தார் என்பது தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்திவைத்தவர் விஷயத்தில் பெடியன் உறங்கிவிடுகிறான். இதையும் சோதித்தோம்: உலாவியில் அதை நிறுத்திவிட்டு இணைப்பைத் தொட்டபோது வழங்கியின் புத்தகத்தில் படிவம் கேட்கப்பட்ட வரி விழுந்தது, அட்டை வரவில்லை. இரண்டு புத்தகத்துக்குமுள்ள வித்தியாசமே, செவிக்கு எட்டாமற் போனவற்றின் அளவு. ஒரு கணக்கை வேறொரு கணக்கால் சரிபார்ப்பது என்னும் இந்தப் பழைய வியாபார முறையைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

இதுவரை கேட்ட நண்பர் நெடுநேரம் மௌனமாயிருந்து, “அப்ப அந்தப் பெடியன் வேற எதையும் பார்த்துக்கொண்டு இருப்பானோ?” என்றார். இருப்பான், இருக்கச் சொன்னால் இருப்பான். விரல் எங்கே தயங்கிற்று, பக்கத்தை எவ்வளவு தூரம் உருட்டினார், படிவத்தில் எதை எழுதி அழித்தார் என்பதெல்லாம் அவனுக்குக் கேட்கும். ஒரு காலத்தில் அதற்கும் மேலே ஒன்று நடந்தது. முன்பு சென்று பார்த்த இணைப்பை உலாவி வேறு நிறத்தில் காட்டும் வழக்கம் யாவரும் அறிந்ததே. பெடியன் உங்களுக்குத் தெரியாமல் நூறு தளங்களின் இணைப்புகளைப் பக்கத்தின் மூலையில் வைத்து, ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று உலாவியைக் கேட்டால், நீங்கள் இதற்குமுன் எங்கெங்கே போய்வந்தீர்கள் என்பது வெளிப்பட்டுவிடும். இக்குறை 2002இலேயே மொசில்லா உலாவிக்காரரிடம் முறையிடப்பட்டது. அவர்கள் பரிகாரத்தை அறிவித்தது 2010இல். பரிகாரம் என்னவெனில், நிறத்தைக் கேட்கும் கட்டளைக்கு உலாவி பொய் சொல்வது. போன இணைப்பாயினும் போகாத நிறத்தையே சொல்லும். நன்மை பயக்கும் பொய்யை அனுமதித்த நம் முன்னோர் இதை ஏற்பர் என நினைக்கிறேன். ‘எங்கிருந்து வருகிறேன்’ என்று உலாவி சொல்லும் வாக்கும் 2020 அளவில் சுருங்கிற்று; வேறொரு தளத்துக்குப் போகும்போது, முழு விலாசத்தைச் சொல்லாமல் தளத்தின் பெயரை மட்டும் சொல்வதே இப்போது பெரும்பாலான உலாவிகளின் இயல்பு.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டத்தின் வாசகங்களுக்குள் நான் புகவில்லை. என் அபிப்பிராயம் எளியது: ‘எந்த இணைப்பு’ என்று எண்ணுவது வியாபாரியின் உரிமை, ‘எந்த ஆள்’ என்று எழுதுவது அவனுடையதன்று, ஏனெனில் செவி இருப்பது வாடிக்கையாளரின் வீட்டுக்குள். சந்தையில் முகம் பார்த்து வழி அறிபவனும் மாலையில் அந்த முகங்களைக் கொப்பியில் வரைந்துகொண்டு வீடு போவதில்லை.

நண்பரும் அதையே விரும்பினார். ‘மேல்’, ‘நடு’, ‘கீழ்’ என்ற மூன்று சொற்களைத் தவிர வேறெதுவும் அட்டையில் எழுதப்படலாகாது என்று பையனுக்குக் கட்டளையிட்டார். பெயர் இல்லை, தொலைபேசி இலக்கம் இல்லை, ஊர் இல்லை. மாதமுடிவில் கணக்கைப் பார்த்தபோது பெரும்பாலானோர் உச்சியிலுள்ள படத்தையே தொட்டிருந்தனர். பந்தியின் நடுவிலிருந்த சொற்களைச் சிலர் தொட்டிருந்தனர். அடியிலிருந்த பச்சைப் பொத்தானுக்கு மட்டும், நாள் தவறாமல், நாளொன்றுக்கு ஒரு சொடுக்கு. யாரோ ஒரு நித்திய வாடிக்கையாளர் இருக்கிறார், அவருக்காகவாவது பொத்தானை எடுக்காமல் விடவேண்டும் என்று பையன் வாதாடினான். ஆளின் பெயர் எழுதப்படவில்லையாதலால் அது யாரென்று கணக்கைப் பார்த்து அறிய வழியிருக்கவில்லை.

நண்பர் வெற்றிலைச் சக்கையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “அது நான்தான். கடை திறந்த உடன, அது வேலை செய்யுதோ எண்டு ஒருக்கா அமத்திப் பார்க்கிறனான்.”